நுரைச்செல்லைத் தட்டில் உருவாக்குவது எப்படி: தமனிப் படிவின் தொடக்கத்தை ஆய்வுக்கூடத்தில் படிக்க ஒரு செய்முறை

தமனிச் சுவரில் கொழுப்பு படிகிறது என்று சொல்லும்போது பலர் மனத்தில் வருவது அடைத்துப்போன குழாய். உண்மையில் கொழுப்பு தமனியின் உள்மேற்பரப்பில் ஒட்டுவதில்லை. இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல் துகள்கள், தமனியின் உட்பூச்சான எண்டோதீலியச் செல்களைக் கடந்து சுவருக்குள் நுழைகின்றன. அங்குள்ள புரோட்டியோகிளைக்கன்களில் (சர்க்கரைச் சங்கிலிகள் கொண்ட புரதங்களில்) சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய இடத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. இரத்தத்திலிருந்து அங்கு வந்துசேரும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களாக மாறி இந்தக் கெட்ட துகள்களை விழுங்குகின்றன. விழுங்கிய கொலஸ்டிரால் எண்ணெய்த் துளிகளாகச் செல்லுக்குள் நிரம்ப, நுண்ணோக்கியில் அது நுரை பொங்கியதுபோலத் தெரிகிறது. நுரைச்செல் என்ற பெயர் அதனால் வந்தது.

இதைச் செல் வளர்ப்புத் தட்டில் நிகழ்த்திக் காட்டுவதுதான் இங்கு விளக்கப்படும் செய்முறை. தமனி நோயின் செல் உயிரியலில் இறங்கும் எவரும் முதலில் பழக வேண்டிய பரிசோதனை இது. பார்க்க எளிது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் சாயமேற்றிச் சிவப்புத் துளிகள் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம். இந்தப் பரிசோதனையின் உயிர் நீங்கள் தயாரிக்கும் ஆக்சிஜனேறிய எல்.டி.எல்லில் இருக்கிறது. அதனால் கீழே அந்தப் பகுதிக்கே அதிக இடம்.

இயல்பான எல்.டி.எல் ஏன் போதாது

சாதாரண எல்.டி.எல்லை எவ்வளவு ஊற்றினாலும் மேக்ரோஃபேஜ் நுரைச்செல் ஆகாது. செல்லுக்குள் கொலஸ்டிரால் போதுமான அளவு சேர்ந்ததும் எல்.டி.எல் ஏற்பியின் உற்பத்தி குறைந்துவிடும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். டல்லஸில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரின் குழு 1979-இல் எல்.டி.எல்லை அசெட்டைல் ஏற்றம் செய்து கொடுத்தபோது மேக்ரோஃபேஜ்கள் அதைக் கட்டுப்பாடின்றி விழுங்கின. கொலஸ்டிராலால் சாத்தப்படாத வேறொரு கதவு இருப்பது அப்போது தெரிந்தது. இன்று அவற்றைத் துப்புரவு ஏற்பிகள் என்கிறோம், எஸ்.ஆர்-ஏ, சி.டி.36 இரண்டும் முக்கியமானவை. எல்.டி.எல் ஏற்பி பற்றிய பணிகளுக்காக அந்த இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுக்குள் அசெட்டைல் எல்.டி.எல் உருவாவதற்குச் சான்று இல்லை என்பதால், ஆக்சிஜனேறிய எல்.டி.எல்லின் பக்கம் ஆய்வு திரும்பியது. அதை முன்னெடுத்தவர்களில் டேனியல் ஸ்டைன்பெர்க் முதன்மையானவர்.

செய்முறைக்கு இதன் பொருள்: உங்கள் தட்டில் மூன்று வகைக் குழிகள் கட்டாயம் வேண்டும். எதுவும் சேர்க்காதது ஒன்று, இயல்பு எல்.டி.எல் சேர்த்தது ஒன்று, ஆக்சிஜனேறிய எல்.டி.எல் சேர்த்தது ஒன்று. நடுவில் உள்ளதை விட்டுவிட்டால், கண்ட துளிகள் ஆக்சிஜனேற்றத்தால் வந்தவையா, வெறும் கொழுப்பு சேர்த்ததால் வந்தவையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

செல்களைத் தயார் செய்தல்

டி.எச்.பி-1 என்ற மனித மோனோசைட் செல்வரிசையே தொடங்குவோருக்கு ஏற்றது. மனித இரத்தத்திலிருந்து நேரடியாகப் பிரிக்கும் மோனோசைட்டுகள் உடலின் நிலைக்கு இன்னும் நெருக்கமானவை. ஆனால் ஒவ்வொரு கொடையாளரிடமும் வேறுவிதமாக நடந்துகொள்ளும். முறை கைவந்த பிறகு அங்கே போகலாம்.

மீடியம்: ஆர்.பி.எம்.ஐ 1640, அதில் 10 சதவீதம் கன்றுக்கருச் சீரம், 0.05 மில்லிமோலார் 2-மெர்காப்டோஎத்தனால். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. செல்கள் மிதந்தபடியே வளரும். அடர்த்தியை மில்லிலிட்டருக்கு 2 லட்சம் முதல் 8 லட்சம் வரை வைத்திருங்கள். 10 லட்சத்தைத் தாண்ட விடாதீர்கள். நெருக்கமாக வளர்ந்த செல்கள் பிறகு ஒழுங்காக ஒட்டாது, ஒட்டினாலும் குறைவாக விழுங்கும். மிகவும் நீர்த்த கல்ச்சரும் தவறு. இவை ஒன்றுக்கொன்று துணை இருந்தால்தான் பெருகும். பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புது மீடியத்துக்கு மாற்றும் முறை) எண்ணிக்கை 25-ஐத் தாண்டினால் உறையவைத்த புதுக் குப்பியை எடுப்பது நல்லது.

மேக்ரோஃபேஜாக மாற்றப் பயன்படுவது பி.எம்.ஏ என்ற ஃபோர்பால் எஸ்டர். டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவில் கரைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து உறைநிலையில் இருட்டில் வையுங்கள். இது கட்டி வளர்ச்சியைத் தூண்டும் பொருள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. 24 குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் செல்கள், 0.5 மி.லி மீடியத்தில். நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய குழிகளில் முன்கூட்டியே கிருமிநீக்கிய வட்டக் கண்ணாடித் துண்டு போட்டுவையுங்கள். பி.எம்.ஏ-வின் இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம். 48 மணி முதல் 72 மணி வரை.

பிறகு பி.எம்.ஏ மீடியத்தை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான பி.பி.எஸ்-ஸால் (பாஸ்பேட் உப்புக் கரைசலால்) மெல்லக் கழுவி, பி.எம்.ஏ இல்லாத மீடியத்தில் 24 மணி நேரம் ஓய்வு கொடுங்கள். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. பி.எம்.ஏ தானே அழற்சி மரபணுக்களை உசுப்பிவிடும். ஓய்வில்லாமல் அளந்தால் நீங்கள் அளப்பது எல்.டி.எல்லின் விளைவையா, பி.எம்.ஏ-வின் மிச்சத்தையா என்று தெரியாது. ஓய்வுக்குப் பின் செல்கள் தட்டையாக, ஒட்டி, சில கால்கள் நீட்டி இருக்க வேண்டும். பாதிக்குமேல் உருண்டையாக மிதந்தால் அந்தத் தட்டைத் தொடராதீர்கள்.

ஆக்சிஜனேறிய எல்.டி.எல் தயாரிப்பு

ஆயத்தமாக விற்பனைக்குக் கிடைக்கிறது. இருந்தாலும் நீங்களே ஒருமுறையாவது செய்து பார்ப்பது நல்லது. எங்கே கெடும் என்பது அப்போதுதான் புரியும். ஆதாரப் பொருளான எல்.டி.எல், மனிதப் பிளாஸ்மாவிலிருந்து 1.019 முதல் 1.063 வரையிலான அடர்த்தியில் அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜில் பிரிக்கப்படுவது. மனித இரத்தத்திலிருந்து வருவதால், சோதிக்கப்பட்டதாக இருந்தாலும் தொற்றுள்ள பொருளாகவே எண்ணிக் கையாளுங்கள். அளவுகள் எல்லாம் அதன் புரத நிறையைக் குறிப்பவை. கொலஸ்டிரால் நிறையை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால் செறிவு பல மடங்கு மாறிவிடும்.

முதல் வேலை, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ-வை நீக்குவது. எல்.டி.எல் கெடாமல் இருக்க அதில் ஈ.டி.டி.ஏ சேர்த்தே வைப்பார்கள். அதன் அளவு 0.01 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட அது ஏறக்குறைய 270 மைக்ரோமோலார். ஆக்சிஜனேற்றத்தைத் தூண்ட நீங்கள் சேர்க்கப்போகும் தாமிரமோ வெறும் 10 மைக்ரோமோலார். ஈ.டி.டி.ஏ அத்தனை தாமிரத்தையும் பிடித்துக்கொள்ளும். 24 மணி நேரம் கழித்தும் எல்.டி.எல் அப்படியே இருக்கும். "ஆக்சிஜனேற்றம் நடக்கவே இல்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். ஆயிரம் மடங்கு கன அளவுள்ள பி.பி.எஸ்-ஸில், 4 டிகிரியில், இருட்டில், 24 மணி நேரத்துக்கு டயாலிசிஸ் செய்யுங்கள் (சவ்வுப்பை வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுங்கள்). கரைசலை மூன்று முறை மாற்றுங்கள். ஈ.டி.டி.ஏ போனதும் எல்.டி.எல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. அதை நாள்கணக்கில் காத்திருக்க வைக்காமல் அன்றே பயன்படுத்துங்கள்.

அதன்பின் பி.பி.எஸ்-ஸில் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் புரதச் செறிவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட் 25 மில்லிகிராமை 10 மி.லி நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும், எல்.டி.எல்லின் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் அதில் 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 10 மைக்ரோமோலார். 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வையுங்கள். பாத்திரம் நிரம்ப ஊற்றாதீர்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். மூடியை இறுக்கி மூடினால் ஆக்சிஜன் போதாமல் போகும்.

கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. எல்.டி.எல்லின் மஞ்சள் நிறம் அதிலுள்ள கரோட்டினாய்டுகளால் வருவது. ஆக்சிஜனேற்றத்தில் வைட்டமின் ஈ-யும் கரோட்டினாய்டுகளும் முதலில் செலவாகும். அவை தீர்ந்த பிறகே கொழுப்பமிலங்கள் வேகமாகச் சிதையும். எனவே மறுநாள் காலையில் மஞ்சள் வெளுத்திருக்க வேண்டும். முதல் நாள் நிறமே இருந்தால் ஈ.டி.டி.ஏ-வைச் சந்தேகியுங்கள். நிறமாலைமானி கைவசம் இருந்தால் கொழுப்பமிலங்களின் ஆக்சிஜனேற்றத்தை 234 நானோமீட்டரில் தொடர்ந்து அளக்கலாம்: முதலில் சமதளமாக இருக்கும் கோடு, பாதுகாப்புப் பொருள்கள் தீர்ந்ததும் செங்குத்தாக ஏறும்.

ஆக்சிஜனேற்றத்தை நிறுத்துவதற்கு ஈ.டி.டி.ஏ 200 மைக்ரோமோலார், ஆக்சிஜனேற்றத் தடுப்பானான பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயீன் 40 மைக்ரோமோலார் சேர்த்து உடனே பனிக்கட்டியில் வையுங்கள். தாமிரம் மிச்சமிருந்தால் அதுவே செல்களைக் கொல்லும். ஆகவே சிறிதளவு ஈ.டி.டி.ஏ கலந்த பி.பி.எஸ்-ஸில் மறுபடியும் டயாலிசிஸ். 200 மைக்ரோகிராம் செறிவு செல்களுக்கு நேரடியாகக் கொடுக்க மிகவும் நீர்த்தது. வடிகட்டிக் குழலில் சுழற்றி மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்குங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, புரதத்தை மீண்டும் அளந்து, இருட்டில் 4 டிகிரியில் வையுங்கள். உறையவைக்கவே கூடாது. உறைந்து உருகும்போது துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். அந்தத் திரட்டுகளை மேக்ரோஃபேஜ் எந்தத் துப்புரவு ஏற்பியின் உதவியும் இல்லாமல் அப்படியே விழுங்கும். நுரைச்செல் அழகாக வரும். அதற்கான காரணம் மட்டும் நீங்கள் எழுதியதாக இருக்காது. திரட்டு இருக்கிறதா என்று அறிய, பயன்படுத்தும் முன் சில நிமிடம் வேகமாகச் சுழற்றி அடியில் படிவு உண்டா என்று பாருங்கள்.

செல்லுக்குக் கொடுக்கும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, அகரோஸ் ஜெல். ஆக்சிஜனேற்றத்தில் எல்.டி.எல் துகளின் அப்போ-பி புரதத்தின் லைசின்கள் மறைக்கப்படுவதால் துகளின் எதிர்மின்னூட்டம் கூடும்; நேர்முனை நோக்கி வேகமாக ஓடும். 0.5 முதல் 1 சதவீத ஜெல்லில், பார்பிடால் பஃபரில், பி.எச் 8.6-இல் ஓட்டி, சூடான் பிளாக் கொண்டு சாயமேற்றுங்கள். இயல்பு எல்.டி.எல் ஓடிய தூரத்தை 1 என்று கொண்டால், நன்கு ஏறியது 2-க்கு மேல் இருக்க வேண்டும். 1.3 அல்லது 1.5 என்றால் அது குறைவாக ஏறிய எல்.டி.எல். அதற்கும் ஆய்வில் இடம் உண்டு. ஆனால் துப்புரவு ஏற்பிகள் அதைச் சரியாக அடையாளம் காணாது, நுரைச்செல் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, தயோபார்பிட்டூரிக் அமில முறை. சூடாக்கி வரும் இளஞ்சிவப்பு நிறத்தை 532 நானோமீட்டரில் அளந்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு கொழுப்புச் சிதைவில் வரும் மலான்டைஆல்டிஹைடு எத்தனை நானோமோல் என்று எழுதுங்கள். இயல்பு எல்.டி.எல்லைவிடப் பல மடங்கு கூடியிருக்க வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் இந்த எண் வேறுபடும், ஏனெனில் சிறு மூலக்கூறுகள் வெளியேறிவிடும். எப்போதும் ஒரே கட்டத்தில் அளங்கள்.

மூன்றாவது, எண்டோடாக்சின். லிமுலஸ் முறையில் சோதியுங்கள். பாக்டீரியாச் சுவரின் எச்சம் நுண்ணளவில் கலந்தாலே மேக்ரோஃபேஜ் அழற்சி நிலைக்குப் போகும், ஆக்சிஜனேறிய எல்.டி.எல் சைட்டோகைன்களை (அழற்சிச் செய்திப் புரதங்களை) தூண்டுகிறது என்ற முடிவு முழுவதுமே அந்த எச்சத்தின் வேலையாக இருக்கலாம். கண்ணாடிப் பொருள்களை உலர்வெப்பத்தில் சுடுங்கள். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், எண்டோடாக்சினை நம்பத்தகுந்தபடி அழிக்காது.

ஊட்டுதல்

சீரத்திலேயே லிப்போபுரோட்டீன்கள் (எல்.டி.எல் போன்ற கொழுப்பு சுமக்கும் துகள்கள்) இருக்கின்றன. அதனால் ஊட்டும் கட்டத்தில் 10 சதவீதச் சீரத்தை விட்டு, லிப்போபுரோட்டீன் நீக்கிய சீரம் 5 சதவீதத்துக்கு மாறுங்கள். ஆக்சிஜனேறிய எல்.டி.எல்லின் இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம்: 1 மில்லிகிராம் இருப்பிலிருந்து 25 மைக்ரோலிட்டர், 475 மைக்ரோலிட்டர் மீடியத்தில். ஒன்றும் சேர்க்காத குழிகளுக்கும் அதே பஃபரை 25 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள்; அதிலுள்ள ஈ.டி.டி.ஏ எல்லாக் குழிகளிலும் சமமாக இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் துளிகள் தெரியும், 48 மணியில் தெளிவாகும். இயல்பு எல்.டி.எல்லும் மீடியத்தில் கிடக்கும்போது மெல்ல ஆக்சிஜனேறக்கூடும். 48 மணி என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக் குழியின் துளிகளைக் கூர்ந்து பாருங்கள்.

மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் செல்கள் சாகத் தொடங்கும்; ஆக்சிஜனேறிய கொலஸ்டிரால்கள் நச்சுத்தன்மை உள்ளவை. செத்த செல்லைப் பக்கத்துச் செல் விழுங்கும்போதும் துளிகள் கூடும். ஆகவே ஒரு தட்டில் 10, 25, 50, 100 எனச் செறிவு மாற்றி, செல்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் எம்.டி.டி அல்லது எல்.டி.எச் சோதனையோடு உங்கள் தொகுப்புக்கு எது பொருந்தும் என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். அடுத்த தொகுப்புக்கு அந்த எண் செல்லாது; மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஆயில் ரெட் ஓ

கொழுப்புத் துளிகளைச் சிவப்பாகக் காட்டும் சாயம் இது. இருப்புக் கரைசல்: 0.3 கிராம் சாயம், 100 மி.லி ஐசோபுரொப்பனால். பயன்படுத்தும் நாளில் 6 பங்கு இருப்புக்கு 4 பங்கு நீர் சேர்த்து, 10 நிமிடம் நிறுத்தி, வடிகட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நேற்றைய கரைசல் ஊசி ஊசியாகச் சிவப்புப் படிகங்கள் கொட்டும்.

செல்களை பி.பி.எஸ்-ஸால் இருமுறை கழுவி, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்துங்கள். இதைப் புகைப்போக்கியின் கீழ் செய்யுங்கள். மெத்தனாலோ அசிட்டோனோ வேண்டாம்; இரண்டும் துளிகளைக் கரைத்துவிடும். கழுவியபின் 60 சதவீத ஐசோபுரொப்பனால் 1 நிமிடம், அதை எடுத்தவுடன் சாயம் 15 நிமிடம், தட்டை மூடியபடி. பிறகு 60 சதவீத ஐசோபுரொப்பனால் ஒரு நொடிக்கழுவல், நீரில் மூன்று முறை. அந்த நொடிக்கழுவல் நீண்டால் துளிகளின் சாயம் வடிந்துவிடும். எல்லாக் குழிகளுக்கும் கடிகாரம் வைத்து ஒரே நேரம் கொடுங்கள். கண்ணாடித் துண்டுகளுக்குச் செல்கருவை நீலமாகக் காட்டும் ஹீமடாக்ஸிலின் 1 நிமிடம் போட்டு, கிளிசரால் கலந்த நீர்ப்பசையில் பொருத்துங்கள். சைலீன் வகைப் பசை கூடாது.

செல்லுக்குள் உருண்டையாக, கருவைச் சுற்றி நெருங்கி இருப்பவை துளிகள். செல்லுக்கு வெளியே கூர்முனையோடு கிடப்பவை சாயப் படிகங்கள். பி.எம்.ஏ-வால் மாறிய டி.எச்.பி-1 செல்களில் எதுவும் ஊட்டாமலே சில துளிகள் இருக்கும், அதைக் கண்டு திகைக்க வேண்டாம்; ஊட்டிய குழியோடு வேறுபாடு எவ்வளவு என்பதே கேள்வி.

எண்ணாக்க, ஹீமடாக்ஸிலின் போடாத தனிக் குழிகளை வைத்துக்கொள்ளுங்கள். நீரை முழுக்க உறிஞ்சி எடுத்து, 100 சதவீத ஐசோபுரொப்பனால் 200 மைக்ரோலிட்டர் ஊற்றி 10 நிமிடம் ஆட்டுங்கள். 150 மைக்ரோலிட்டரை 96 குழித் தட்டுக்கு மாற்றி 510 நானோமீட்டரில் படியுங்கள். செல்லே இல்லாத, ஆனால் சாயமேற்றிய குழி ஒன்றையும் கழிக்க வேண்டும். பிளாஸ்டிக்கும் சாயத்தைப் பிடிக்கும். நிலைப்படுத்திய செல்லிலிருந்து புரதத்தை ஒழுங்காக எடுக்க முடியாது. ஒரே நாளில் அதேபோல் ஊட்டிய இணைக் குழிகளில் புரதம் அளந்து அதனால் வகுங்கள். படம் எடுப்பவர் எந்தக் குழி எது என்று அறியாமல் எடுப்பது நல்லது. குழிக்கு ஐந்து இடங்களாவது. ஒரு தட்டில் உள்ள ஆறு குழிகளை ஆறு பரிசோதனைகள் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். வேறு நாள், வேறு எல்.டி.எல் தொகுப்பு, வேறு செல் பாசேஜ் என்று மூன்று முறையாவது செய்தால்தான் மூன்று.

ஆயில் ரெட் ஓ எஸ்டராக மாறிய கொலஸ்டிராலையும் டிரைகிளிசரைடையும் சேர்த்தே காட்டும்; எஸ்டராகாத கொலஸ்டிராலைக் காட்டாது. ஆக்சிஜனேறிய எல்.டி.எல்லின் ஒரு பகுதி செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்காமல் தேங்கிவிடுவதால், செல் நிறையக் கொலஸ்டிரால் இருந்தும் சிவப்பு மங்கலாக இருப்பதுண்டு. அங்கே எஸ்டராகாத கொலஸ்டிராலைக் காட்டும் ஃபிலிப்பின் சாயம் உதவும். சி.டி.68 போன்ற மேக்ரோஃபேஜ் அடையாளப் புரதத்தையும் ஒரே செல்லில் பார்க்க வேண்டுமென்றால் டிரைட்டன் கொண்டு சவ்வைத் துளைக்காதீர்கள், துளிகள் கலைந்துவிடும், 0.1 சதவீத சாபோனின் போதும்.

எங்கிருந்து நுழைந்தது, எங்கே வெளியேறும்

துளி இருப்பது விழுங்கலுக்கு மறைமுகச் சான்றுதான். நேர்ச்சான்றுக்கு டை-ஐ என்ற ஒளிர்சாயம் ஏற்றிய ஆக்சிஜனேறிய எல்.டி.எல்லை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கொடுத்து 4 மணியில் பாருங்கள். பக்கத்துக் குழியில் சாயமற்றதை 20 மடங்கு கூடுதலாகச் சேர்த்து ஒளிர்வு குறைகிறதா என்று ஒப்பிடுங்கள். குறையாத பங்கு ஏற்பி வழியாக வந்ததல்ல. 4 டிகிரியில் வைத்த ஒரு தட்டு, வெறுமனே மேலே ஒட்டியதைப் பிரித்துக் காட்டும்.

கொலஸ்டிரால் வெளியேற்றத்தைப் படிக்க, ஊட்டிய செல்களைக் கழுவி 0.2 சதவீத ஆல்புமினில் ஓர் இரவு வைத்து, எச்.டி.எல்லின் முதன்மைப் புரதமான அப்போ-ஏ1 மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது எச்.டி.எல் 50 மைக்ரோகிராம் சேருங்கள். முன்னது ஏ.பி.சி.ஏ1 என்ற கொலஸ்டிரால் கடத்திப் புரதத்தின் வழியையும், பின்னது ஏ.பி.சி.ஜி1 என்ற மற்றொரு கடத்தி உள்ளிட்ட பிற வழிகளையும் காட்டும்.

இதே முறையைத் தமனியின் மென்தசைச் செல்களுக்கும் மாற்றிச் செய்யலாம், செய்யவும் வேண்டும். மனிதப் படிவுகளில் உள்ள நுரைச்செல்களில் கணிசமானவை மேக்ரோஃபேஜ்கள் அல்ல, மென்தசைச் செல்கள். இவை ஆக்சிஜனேறிய எல்.டி.எல்லை அவ்வளவாக விழுங்காது. அதனால் மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்டிரினோடு சேர்த்த கொலஸ்டிராலை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 72 மணி நேரம் கொடுப்பார்கள். ஊட்டிய பின் மென்தசையின் அடையாளமான ஆல்ஃபா ஆக்டினையும் சி.டி.68-ஐயும் சேர்த்தே அளங்கள். முன்னது குறைந்து பின்னது கூடியிருக்கும்; மேக்ரோஃபேஜின் முத்திரை என்று கருதப்பட்ட சி.டி.68 மென்தசைச் செல்லிலேயே தோன்றும். தமனித் துண்டில் சி.டி.68 தெரிந்த செல்லை எல்லாம் மேக்ரோஃபேஜ் என்று எண்ணிக் கணக்கிடும் முன் இந்தத் தட்டு ஒன்றைச் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.